பதினான்காம் விதிக்கு மேலே

சனி இரவு ஒன்று முதல் மூன்று வரை
மாற்றம் செய்ய அனுமதி.
பெருங்குடியில் அந்நேரம்
குப்பைமேட்டுப் புகையும் சதுப்பின் ஈரமும்
ஒரே மூச்சில் வரும்.
சர்வர் அறைக்குள் பதினெட்டு டிகிரி.
சென்னையில் ஸ்வெட்டர் வைத்துக்கொண்டு
சம்பாதிப்பவர்களில் நானும் ஒருத்தி.

வேலை பெரிதில்லை.
இதுவரை எங்கள் ஃபயர்வால்
உறையின் மேல் முகவரியை மட்டும் பார்த்து
போ என்றது, நில் என்றது.
இனி உறையைப் பிரிக்க வேண்டும்.
பிரித்து, படித்து, மறுபடி ஒட்டி,
எங்கள் முத்திரையை அசல் போலவே குத்தி
அனுப்ப வேண்டும்.

அந்த முத்திரையை நம்பச் சொல்லி
அறுநூற்றுப் பதினோரு கணினிகளுக்கும்
வெள்ளிக்கிழமையே உத்தரவு போய்விட்டது.
அவை எதுவும் கேட்கவில்லை.
மனிதர்களுக்கும் ஒரு மெயில் போயிற்று.
ஒன்பதாம் பத்தியில் இருந்தது விஷயம்.
அவர்களும் கேட்கவில்லை.

மேலிருந்து கீழாகத்தான் படிக்கும்.
முதலில் எந்த விதி பொருந்துகிறதோ
அதோடு சரி, அடுத்த வரிக்கு இறங்காது.
எங்கள் தெருவுக்கு வரும் தண்ணி லாரி போல:
முதல் குடத்தைப் பார்த்ததும் கிளம்பிவிடும்.
ஆகவே எதை மேலே வைக்கிறாய் என்பதில்தான்
எல்லாம் இருக்கிறது.

வங்கியா, திறக்காதே.
மருத்துவமனையா, திறக்காதே.
அரசுத் தளமா, திறந்தால் அதுவே உடைந்துவிடும், விட்டுவிடு.
சூதாட்டமா, அடை.
இப்படிப் பதின்மூன்று.
பதினான்காவது:
மற்றதெல்லாம் திற, பார், எழுதி வை.
அதற்கும் கீழே, யாரும் எழுதாமலே
தானாக உட்கார்ந்திருக்கும் ஒன்று:
எதிலும் சேராததை மறு.

ஒன்று நாற்பதுக்கு அழுத்தினேன்.
பட்டை தொண்ணூற்றெட்டில் நின்று
கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு பச்சை.
ரங்கபாஷ்யம் சார் தூங்காமல்
வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் தூக்கினார்.

வேலை செய்கிறதா என்று பார்க்க
ஓடுகிற போக்குவரத்து வேண்டும்.
மூன்றாம் மாடியில் நைட் ஷிப்ட் இருந்தது.
முதலில் பிரிந்த உறை:
கணக்குப் பிரிவு, பதினேழாம் இருக்கை.
ஏதோ ஒரு சின்னத் தளம்.
வகை: தெரியவில்லை.
ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ்.
கட்டி வலிக்கலன்னா பயமில்லையா.
இடது பக்கம் மட்டும்.
குழந்தைக்குப் பால் நிறுத்தி எட்டு மாசம்.
அதையே மூன்று விதமாக, மூன்று முறை.

பதினேழாம் இருக்கை தமீமுன்னிசா.
எங்கள் கேபில் கடைசியாக ஏறுகிறவள்.
வியாழன் அன்று கேட்டேன், என்னடி முகம்.
தூக்கமில்ல, வேற ஒண்ணுமில்ல என்றாள்.
நெல்லிக்காய் ஒன்று தந்தாள், உப்புத் தொட்டு.

மருத்துவம் என்று அந்தத் தளத்தின் நெற்றியில்
யாரும் எழுதவில்லை.
அதுதான் குற்றம். வேறெதுவும் இல்லை.

பதினான்குக்கு மேலே ஒரு வரி செருகினேன்.
இந்தத் தளம்: திறக்காதே.
காரணம் என்று ஒரு கட்டம் இருக்கும்,
நிரப்பாமல் விடாது.
'வேகம் குறைவதைத் தவிர்க்க' என்று எழுதினேன்.
பச்சை.

ஆனால் அந்த நான்கு நிமிடங்கள்
பதிவேட்டில் ஏறிவிட்டன.
தொண்ணூறு நாள் இருக்கும்.
அழிக்க எனக்கு அதிகாரம் இல்லை,
அந்த விதியை எழுதியதும் நான்தான்,
போன ஜூனில்,
யாரும் எதையும் மறைத்துவிடக் கூடாதென்று.

ஐந்தரைக்கு கேப்.
ஓஎம்ஆரில் மெட்ரோ தூண்கள் ஒவ்வொன்றாகப்
பின்னால் போயின.
ஜன்னல் பக்கம் அவளுக்கு விட்டேன்.
சோழிங்கநல்லூர் சிக்னலில் சொன்னாள்:
செவ்வாக்கிழமை எனக்கு கேப் வேணாம்க்கா,
அடையாறுல ஒரு வேலை இருக்கு.

என்ன வேலை என்று நான் கேட்கவில்லை.

எதற்கும் என்ன, ஏன், யாரோட என்று
மூன்று கேள்வி கேட்கிறவள் நான்.
சிக்னல் விழுந்தது.
தமீமுன்னிசா ஜன்னலை விட்டுத் திரும்பி
என்னைப் பார்த்தாள்.